எந்தத் தெரு? - இசபெல் வில்கர்சனின் 'காஸ்ட்' பற்றிச் சில குறிப்புகள்

சிகாகோவின் மிஷிகன் அவென்யூ, பெரிய பெரிய கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் அங்குள்ள கடை மேலாளர்களைப் பேட்டி எடுக்கிறார். எல்லாமே முன்கூட்டி போனில் நேரம் வாங்கிய பேட்டிகள். அன்றைய கடைசிப் பேட்டிக்காக ஒரு கடைக்குள் போய்க் காத்திருக்கிறார். மேலாளர் மூச்சு வாங்க ஓடி வருகிறார். நிருபர் கை நீட்டி அறிமுகம் செய்துகொள்கிறார். அவரோ, இப்போது பேச நேரமில்லை, முக்கியமான ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்கிறார். யாரை? நியூயார்க் டைம்ஸ் நிருபரை. அது நான்தான் என்று சொன்னால் நம்பவில்லை. விசிட்டிங் கார்டு கேட்கிறார். அன்றைக்குப் பார்த்துத் தீர்ந்துபோயிருக்கிறது. டிரைவிங் லைசென்ஸைக் காட்டுகிறார். அதுவும் செல்லவில்லை. கடைசியில் வெளியே போகச் சொல்லிவிடுகிறார் அந்த மேலாளர்.

அந்த நிருபர் இசபெல் வில்கர்சன். கறுப்பினப் பெண். அமெரிக்கப் பத்திரிகைத் துறையில் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான் (1994). இந்தச் சம்பவத்தை 2020 ஆகஸ்டில் வந்த 'காஸ்ட்' என்ற தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கடையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பெயர் சொன்னால், ஒரே ஒரு கெட்ட கடையைக் கண்டுபிடித்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். எனக்கு அந்தக் காரணம் ரொம்பப் பிடித்திருந்தது.

புத்தகம் வந்த நேரமும் முக்கியம். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டது அந்த வருடம் மே 25-ல். அமெரிக்கா முழுக்கப் போராட்டம். ஓப்ரா தன் வாசகர் வட்டத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்தார். விற்பனை எங்கேயோ போனது. லாக்டவுனில் கிண்டிலில் ஒரே மூச்சாகப் படித்துவிட்டு நான் பிரமித்துப்போனேன். போன மாதம் மறுபடி எடுத்து, இந்த முறை பென்சிலும் காகிதப் புத்தகமுமாக, மெதுவாகப் படித்தேன். பிரமிப்பு பாதியாகிவிட்டது. ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

புத்தகம் சொல்வது இதுதான். அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு நடந்ததை, நடப்பதை 'இனவெறி' என்ற சொல்லால் முழுக்க விளக்க முடியாது. அது ஒருத்தர் மனசில் இருக்கும் வெறுப்பு என்று நினைக்க வைத்துவிடுகிறது. உண்மையில் இது ஒரு கட்டுமானம், ஒரு படிநிலை. அதற்குச் சரியான பெயர் சாதி. இனம் வெளியே தெரியும் தோல், சாதி உள்ளே இருக்கும் எலும்பு. அமெரிக்கா, இந்தியா, நாஜி ஜெர்மனி மூன்றையும் பக்கத்தில் வைத்து, மூன்றுக்கும் பொதுவாக எட்டுத் தூண்கள் இருப்பதாகச் சொல்கிறார். கடவுள் பெயரால் நியாயம், பிறப்பால் வருவது, அகமண உறவு, தீட்டு, தொழில் படிநிலை, மனிதத் தன்மையைப் பறிப்பது, பயமுறுத்தல், பிறவி உயர்வு தாழ்வு.

நம்ம ஊர் பத்திரிகைகள் அமெரிக்கச் செய்தியை எழுதும்போது 'நிறவெறி' என்றுதான் எழுதும். ஏதோ கறுப்பு, வெளுப்பு என்ற கலர் பிரச்சினை மாதிரி. நாமும் அப்படியே படித்துவிட்டு, நம்ம ஊரில் ஃபேர்னெஸ் கிரீம் விற்பதைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவோம். அந்த விதத்தில் வில்கர்சன் 'சாதி' என்று சொன்னது தமிழில் படிக்கிறவனுக்கு ஒரு கதவைத் திறக்கிறது. அதை மறுக்கவே முடியாது.

அமெரிக்கா பற்றி அவர் எழுதும் பக்கங்கள் அசாத்தியமானவை. 1951, ஒஹையோ மாநிலம் யங்ஸ்டவுன். பையன்களின் பேஸ்பால் அணி ஊர்க் கோப்பையை ஜெயிக்கிறது. கொண்டாட நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள். அணியில் ஒரே ஒரு கறுப்புப் பையன், ஆல் பிரைட். அவனை மட்டும் வேலிக்கு வெளியே உட்கார வைத்து, சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் சிலர் வாதாடியதும், மற்ற எல்லோரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றிவிட்டு, அவனை ஒரு ரப்பர் மிதவையில் உட்கார வைத்து குளத்தை ஒரு சுற்றுத் தள்ளிக்கொண்டு வருகிறார் காவலர். தண்ணீரைத் தொட்டுவிடாதே, தொட்டுவிடாதே என்று சொல்லிக்கொண்டே.

இதைப் படித்தபோது 1927 மார்ச் 20 நினைவுக்கு வராத இந்தியன் இருக்க முடியாது. மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த நாள். அதற்குப் பிறகு மாட்டுச் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினார்கள். யங்ஸ்டவுனுக்கு மகாத் தெரியாது. ஆனால் தண்ணீரைப் பற்றிய பயம் ஒன்றாகவே இருக்கிறது. இந்த இடத்தில் வில்கர்சனின் ஒப்பீடு வேலை செய்கிறது. எந்தத் தத்துவ விளக்கமும் தேவைப்படவில்லை. சம்பவமே பேசுகிறது.

இன்னொன்று. 1970-களில் டெக்சாஸில் ஒரு அப்பா தன் மகளுக்கு 'மிஸ்' என்றே பெயர் வைக்கிறார். கறுப்பினப் பெண்களை வெள்ளைக்காரர்கள் மரியாதையாக 'மிஸ்' போட்டுக் கூப்பிட மாட்டார்கள். பெயரே அதுவாக இருந்தால் வேறு வழியில்லையே! பள்ளி முதல்வருக்கு அந்தப் பெயர் உறுத்துகிறது. நம்ம ஊரில் வயதான மனிதரை 'டேய்' என்று கூப்பிட்ட சின்னப் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அப்பாவின் ஐடியா சட்டென்று புரியும்.

அப்புறம் அலிசன் டேவிஸ், எலிசபெத் டேவிஸ் என்ற கறுப்பின மானுடவியலாளர் தம்பதி. 1930-களில் மிசிசிப்பியின் நாச்செஸ் ஊரில், ஒரு வெள்ளைத் தம்பதியோடு சேர்ந்து ஆய்வு செய்கிறார்கள். நான்கு பேரும் ஒரே குழு. ஆனால் ஊருக்குள் சமமாக உட்கார்ந்து பேச முடியாது. யாருக்கும் தெரியாமல் காரில் சந்தித்துத்தான் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். 1941-ல் 'டீப் சவுத்' என்று புத்தகமாக வந்தது. எனக்கு இந்த அத்தியாயம்தான் மொத்தப் புத்தகத்திலும் சிறந்தது.

இப்போது குறைக்கு வருகிறேன். இந்தியா வந்ததும் இந்த எழுத்து காணாமல் போய்விடுகிறது.

வில்கர்சனின் முந்தைய புத்தகம் 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்' (2010). 1915 முதல் 1970 வரை தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்த சுமார் 60 லட்சம் கறுப்பர்களின் கதை. அதற்காக 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசியிருக்கிறார். பதினைந்து வருட உழைப்பு. அதிலிருந்து மூன்றே மூன்று பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் ரயில் ஏறியது, கார் ஓட்டியது, ராத்திரி தங்க இடம் கிடைக்காமல் அலைந்தது என்று எழுதுகிறார். ராபர்ட் ஃபாஸ்டர் என்ற டாக்டர் லூசியானாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறார். அரிசோனா பாலைவனத்தில் மோட்டல் மோட்டலாகக் கதவு தட்டுகிறார், ஒவ்வொன்றிலும் இடமில்லை என்கிறார்கள். படிக்கும்போது நமக்கே கண் எரியும். அந்தப் புத்தகத்திலேயே 'சாதி' என்ற சொல் வந்துவிடுகிறது, ஆனால் பின்னணியில் அடக்கமாக இருக்கிறது. முன்னால் நிற்பது மனிதர்கள்.

'காஸ்ட்' புத்தகத்தில் இந்தியாவிலிருந்து அப்படி ஒரு ராபர்ட் ஃபாஸ்டர் இல்லை. மாநாட்டில் சந்தித்த அறிஞர்கள் வருகிறார்கள், பூணூலை அறுத்துப் போட்ட ஒருவர் வருகிறார், அம்பேத்கர் வருகிறார். ஆனால் ஒரு கிராமம் இல்லை, ஒரு தெரு இல்லை, ஒரு டீக்கடை இல்லை. நான்கு வருணம், அதற்கு வெளியே தலித்துகள் என்ற பாடப்புத்தக வரைபடத்தை வைத்துத்தான் பெரும்பாலும் வண்டி ஓடுகிறது. நம் வாழ்க்கையில் வேலை செய்வது வருணமா, ஜாதியா? ஒரு தாலுகாவுக்குள் எத்தனை சாதி, யார் யாருக்கு மேல் என்பதில் எத்தனை தகராறு! தமிழ்நாட்டில் நடக்கும் சாதிக் கொலைகளில் அரிவாள் எடுப்பவர்கள் பெரும்பாலும் வரைபடத்தின் உச்சியில் இருப்பவர்கள் இல்லை. நடுவில் இருப்பவர்கள். இந்த நடுவைப் பற்றி அவர் புத்தகத்தில் இருப்பது கொஞ்சம்தான். நான் பிறந்ததும் அந்த நடுவில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் பாஷையில் சொன்னால், எட்டுத் தூண்கள் ஒரு இன்டர்ஃபேஸ் மாதிரி. வெளியே பார்த்தால் மூன்று சிஸ்டமும் ஒரே மாதிரி பதில் தரும். உள்ளே எழுதியிருக்கும் கோட் வேறு வேறு. பக் எங்கே என்று தேடுகிறவனுக்கு இன்டர்ஃபேஸ் போதாது, கோடைத் திறக்க வேண்டும்.

ஒப்பீடு புதிதில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன். ஜோதிராவ் பூலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி'யை, கறுப்பர்களின் அடிமைத்தனத்தை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-ல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியது, பிளாக் பேந்தர்ஸ் பெயரை எடுத்துக்கொண்டு. எதிர்ப்பும் பழையதுதான். டிரினிடாடில் பிறந்த கறுப்பின சமூகவியலாளர் ஆலிவர் காக்ஸ் 1948-லேயே, இனத்தையும் சாதியையும் ஒன்றாக்காதீர்கள், இனப் பாகுபாடு முதலாளித்துவத்தின் கூலிக் கணக்கிலிருந்து வந்தது என்று ஒரு தடித்த புத்தகமே எழுதினார். வில்கர்சனிடம் இந்தக் கூலிக் கணக்கு மெலிந்துதான் இருக்கிறது என்று காக்ஸ் பக்கம் நிற்கத் தோன்றுகிறது. ஆனால் காக்ஸும் ஒரு இடத்தில் பெரிய தப்பு பண்ணினார். இந்தியாவில் கீழே இருப்பவர்கள் சாதியை ஏற்றுக்கொண்டு அமைதியாக வாழ்கிறார்கள் என்று நம்பினார். மகாத் நடந்து இருபது வருடம் கழித்து! அவரும் இந்தியாவைத் தூரத்திலிருந்து, புத்தகம் வழியாகத்தான் பார்த்தார்.

எனக்கு நிஜமாகவே உறுத்திய இடம் ஒன்று உண்டு. இந்தியர்கள் கூடிய கூட்டங்களில் யார் உயர்சாதி, யார் தலித் என்று தன்னால் கண்டுபிடிக்க முடிந்தது என்கிறார் வில்கர்சன். உருவத்தை வைத்து இல்லை. நடை, பேச்சு, தான்தான் மையம் என்ற தோரணை, அல்லது அது இல்லாமை - இவற்றை வைத்து. அவர் வாழ்க்கை முழுக்க மேலே இருப்பவர்களின் தோரணையைக் கவனித்துப் பழகியவர், அதனால் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் சிகாகோ கடையில் அந்த மேலாளர் செய்ததும் இதே வேலைதானே? ஆளைப் பார்த்து, இவர் யாராக இருக்க முடியும், யாராக இருக்க முடியாது என்று முடிவு கட்டியது? தலை நிமிர்ந்து மேடையில் பேசும் தலித் பேராசிரியர் வில்கர்சன் கண்ணில் என்னவாகத் தெரிவார்? கூச்சத்தில் குறுகி நிற்கும் ஏழை பிராமணப் பையன்? ஒரு நிருபர் இந்த இடத்தில் ஊகிக்கக் கூடாது. கேட்டிருக்க வேண்டும்.

ஆனால், கேட்பது. அங்கேதான் நம்ம சாதி அமெரிக்க இனத்திலிருந்து பிரியும் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் கேட்கத் தேவையில்லை, கதவைத் திறந்ததும் தெரிந்துவிடும். நம்மிடம் தோலில் எழுதியிருக்காது. கேட்டால்தான் தெரியும். அதனால் கேட்பதே இங்கே ஆயுதம்.

2009-ல் நான் ஆன்சைட்டில், நியூ ஜெர்சியில், மூன்று பேரோடு அபார்ட்மென்ட் பகிர்ந்துகொண்டிருந்தேன். நான்காவதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். முதல் ராத்திரி சாப்பிடும்போது நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"தம்பிக்கு சொந்த ஊரு எது?"

"திருநெல்வேலிண்ணா."

"டவுனா?"

"இல்லண்ணா, பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

ஊர் பெயர் சொன்னான். எனக்கு அந்த ஊர் தெரியும், அங்கே ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன்.

"அட, அங்கயா! எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாப் பக்கத்துலண்ணா."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவன் தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போய்ச் சாப்பிட ஆரம்பித்தான். ரெண்டு மாசத்தில், ஆபீஸ் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று காலி பண்ணிப் போனான். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. ஊர்க்காரன் என்ற பாசத்தில்தான் கேட்டேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். அவன் ஏன் போனான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆபீஸ் பக்கத்தில் நிஜமாகவே இடம் கிடைத்திருக்கலாம். ஆனால் பதினொரு வருடம் கழித்து அந்தச் சிகாகோ கடை அத்தியாயத்தைப் படித்தபோது, விசிட்டிங் கார்டு கேட்கும் அந்த மேலாளருக்கு என் குரல் இருந்தது.

வில்கர்சனுக்கு நான் பட்ட கடன் இது. அவர் குறை சொல்லப்பட வேண்டியதும் இதனால்தான். இந்த மாதிரி ஒரு இரவுச் சாப்பாட்டை அவர் திருநெல்வேலியிலோ பாட்னாவிலோ உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால், எட்டுத் தூண் பட்டியல் தேவைப்பட்டிருக்காது. அதற்குப் பதிலாக உவமை மேல் உவமை. பழைய வீடு, எலும்புக்கூடு, சைபீரியாவில் உருகிய பனியிலிருந்து கிளம்பிய ஆந்த்ராக்ஸ் கிருமி, நாடகக் கொட்டகை, 'மேட்ரிக்ஸ்' படம். இரண்டாவது முறை படிக்கும்போது இவற்றையெல்லாம் தாண்டித் தாண்டிப் போனேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். கென்னத் கூப்பர். இவரும் கறுப்பினப் பத்திரிகையாளர், இவரும் புலிட்சர் வாங்கியவர் (1984-ல், பாஸ்டன் குளோப் குழுவில், அந்த நகரத்தின் இன உறவுகள் பற்றிய செய்திகளுக்காக). 1996-ல் வாஷிங்டன் போஸ்ட்டின் டெல்லி நிருபர். அவர் பெரிய கோட்பாடு எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு தலித் பத்திரிகையாளரிடம் பேச வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளரிடம் போனது. உனியால் யோசித்துப் பார்க்கிறார். முப்பது வருடத் தொழிலில் தான் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை. அதைவிட, இத்தனை வருடத்தில் இது தனக்குத் தோன்றவே இல்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலக அங்கீகாரப் பட்டியலை எடுத்துப் பெயர் பெயராகப் பார்த்தார். மொத்தம் 686 பேர். 454 பேரின் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் 240 பேர் பிராமணர்கள். சாதி தெரியாத 232 பேரில் 47 பேரைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்து விசாரித்தார். ஒருவர்கூடத் தலித் இல்லை. 1996 நவம்பர் 16-ல் 'தி பயனியர்' நாளிதழில் இதை எழுதினார். இன்றைக்கும் இந்தியப் பத்திரிகைகளில் சாதி என்று யார் பேசினாலும் அந்தக் கட்டுரையில் போய்த்தான் நிற்கும்.

கூப்பருக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றியது? அமெரிக்காவில் 1968-லேயே கெர்னர் கமிஷன், கலவரங்களை விசாரித்து, உங்கள் செய்தி அறைகளில் கறுப்பர்கள் இல்லை, வெள்ளைக்காரன் கண்ணால் மட்டுமே உலகத்தைப் பார்க்கிறீர்கள் என்று பத்திரிகைகளைச் சாடியிருந்தது. 1978-ல் ஆசிரியர்கள் சங்கம், 2000-க்குள் நாட்டு மக்கள்தொகையில் உள்ள விகிதத்தைச் செய்தி அறைகளிலும் எட்டுவோம் என்று இலக்கு வைத்தது (எட்டவில்லை, அது வேறு கதை). இந்தச் சூழலில் வளர்ந்த கறுப்பின நிருபர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் யார் இல்லை என்று எண்ணிப் பார்ப்பார். அவருடைய அடையாளம் அவருக்குக் கேள்வியைக் கொடுத்தது. பதிலைக் கொடுக்கவில்லை. பதிலுக்குப் பட்டியலை எடுக்க வேண்டியிருந்தது, போன் பண்ண வேண்டியிருந்தது. கறுப்பர்கள் இனத்தைப் பற்றி எழுதினால் பாரபட்சம் என்று சொல்கிறவர்களும் சரி, கறுப்பர் எழுதியதாலேயே அது உண்மை என்று சொல்கிறவர்களும் சரி, இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. 'வார்ம்த்' எழுதிய வில்கர்சனுக்கு அது தெரிந்திருந்தது.

உனியாலின் கணக்கு பழசாகிவிட்டதா என்றால், 2019-ல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து எடுத்த கணக்கில், பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106-ல் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் பூஜ்யம்.

நான் ஒரு ஆர்வத்தில் உனியால் முறையை என் ஆபீஸ் டீமில் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 34 பேர். வடக்கத்தியப் பெயர்கள் ஆறு, அவற்றைச் சுலபமாக வகைப்படுத்திவிடலாம். மீதி எல்லாம் தமிழ்நாட்டு, இலங்கைப் பெயர்கள். இனிஷியலும் பெயரும் மட்டும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், அது இந்த அளவுக்கு ஜெயித்திருக்கிறது. எக்செல் ஷீட்டில் சாதி என்று தலைப்பு போட்ட காலம் காலியாகவே நின்றது. நிரப்ப வேண்டுமென்றால் ஒரே வழி, ஒவ்வொருவரிடமும் போய் எந்த ஊர், ஊரில் எங்கே என்று கேட்பது.

கலிஃபோர்னியாவில் இதே பிரச்சினையைச் சட்டமாக்கப் பார்த்தார்கள். 2020 ஜூன் கடைசியில், வில்கர்சன் புத்தகம் வருவதற்குச் சில வாரம் முன்னால், ஒரு டெக் நிறுவனத்தின் மீதும் அதன் இந்திய மேலாளர்கள் இருவர் மீதும் மாநில அரசு சாதிப் பாகுபாடு வழக்குப் போட்டது. மேலாளர்கள் மீதான புகாரை 2023-ல் அரசே விலக்கிக்கொண்டது. அதே வருடம் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றமும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது; இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த விவாதங்களில் 'காஸ்ட்' புத்தகம் அமெரிக்கர்களுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு ஹெச்.ஆர். அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னையும் அந்தப் பையனையும் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தால், ஒரே நிறம், ஒரே பாஷை, ஒரே சாம்பார் சாதம். அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஷீட்டை சேவ் பண்ணாமல் மூடிவிட்டேன்.